ஒரு வண்டி நேரம்

தொண்ணூறுகளின் கடைசியில் வடசென்னையில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு இதைச் சொல்கிறேன். இப்போது நமக்கெல்லாம் படிக்கக் கண்ணாடி வந்துவிட்டது, தலைக்குச் சாயம் வந்துவிட்டது, ரயில் எங்கே வருகிறது என்று செல்போனில் பார்க்கிறோம். அன்றைக்கு அது தெரிய வேண்டுமென்றால் பிளாட்பாரத்தின் ஓரத்தில் நின்று கழுத்தை நீட்ட வேண்டும். நீட்டியவர்கள் எல்லோரும் ஒன்றாகக் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தால் வண்டி வந்துவிட்டது என்று அர்த்தம்.

எங்கள் ஸ்டேஷன் திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில் இருந்தது. பெயரைச் சொல்லப் போவதில்லை. எங்கள் குடும்பத்தைத் தெரிந்தவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். நான் சொல்லப் போகும் கூத்தை அவர்கள் மறந்திருந்தால் மறந்தபடியே இருக்கட்டும்.

இரண்டு பிளாட்பாரம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரே ஒரு டிக்கெட் கவுண்ட்டர். மேம்பாலம் ஒன்று இருந்தது. அதில் ஆடுகள் ஏறி நான் பார்த்திருக்கிறேன், மனிதர்கள் ஏறிப் பார்த்ததில்லை. எல்லோரும் தண்டவாளத்தைத் தாண்டித்தான் போவோம், அப்படித் தாண்டக்கூடாது என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டே இருக்கும். கைப்பிடிக் கம்பிகள் மேல் அனல்மின் நிலையத்துச் சாம்பல் மெல்லிசாகப் படிந்திருக்கும், அதில் விரலால் பெயர் எழுதிவிட்டுப் போவோம். கடல் காற்று அடித்தால் கருவாட்டு வாசம். காற்று மாறினால் உர ஆலைப் பக்கத்திலிருந்து ஏதோ ஒன்று வந்து கண்ணை எரிக்கும், அன்றைக்கு எல்லோரும் அழுதவர்கள் மாதிரி நிற்போம். டிக்கெட் அப்போது தடித்த சின்ன அட்டை. அதை ஒரு இயந்திரத்தில் சொருகினால் டக்கென்று தேதி விழும். பயணம் முடிந்து ஜனங்கள் வீசிவிட்டுப் போன அட்டைகளை நான் பொறுக்கி ஒரு பிஸ்கட் டப்பா நிறையச் சேர்த்து வைத்திருந்தேன். வீடு மாறும்போது அந்த டப்பா எங்கேயோ போய்விட்டது. அதற்காக இன்றைக்கும் எனக்கு வருத்தம் உண்டு.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். நைனா, அம்மா, நான், அப்போதுதான் நடை பழகிய தம்பி, அம்மாவின் தங்கையான என் சித்தி. ஒரே அறை. பின்னால் சமையலுக்கு ஒரு சின்ன இடம், அதற்கும் பின்னால் தண்ணீர் டிரம் நிற்கும் சந்து. நைனா வேலை செய்த ஆலை அந்த வருஷம் வாரத்தில் பாதி நாள் மூடியே கிடந்தது. மீதி நாளும் திறக்குமா என்று காலையில் கேட் வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருவார். சித்தி ராயபுரத்துப் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைத்தாள். வீடு ஓடியது அவளால்தான். இது அன்று எனக்குத் தெரியாது. சித்தி போய் வருகிறாள், தலையில் நூல் பிசிறு ஒட்டியிருக்கும், அதை எடுத்துவிடுவது என் வேலை, அவ்வளவுதான் தெரியும்.

சித்திக்கு முப்பது தாண்டியிருந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேசரி சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று சொன்னவர்கள்தான். யாரும் சொல்லி அனுப்பவில்லை. கடைசியாக வந்தவர்கள் போன பிறகு சித்தி பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு, "இனிமே எவனுக்கும் நான் காபி தூக்கிகினு வர மாட்டேன்க்கா" என்றாள். அம்மா அன்று முழுவதும் அழுதாள்.

ரயிலில் பெண்கள் பெட்டியை நினைத்தால் எனக்கு முதலில் பூண்டுதான் ஞாபகம் வரும். சென்னை பீச் ஸ்டேஷனிலிருந்து வரும் சாயங்கால வண்டியில் அந்தப் பெட்டி கிட்டத்தட்ட ஒரு சமையலறை. ஒருத்தி கீரை ஆய்வாள், ஒருத்தி அவரைக்காய் நார் எடுப்பாள், ஒருத்தி பூத்தொடுப்பாள். வீட்டுக்குப் போனதும் அடுப்பில் வைக்க எல்லாம் தயாராக இருக்க வேண்டும். சித்தி பூண்டு உரித்துக்கொண்டு வருவாள். காலையில் அம்மா அதை அவள் பையில் போட்டு அனுப்பிவிடுவாள். சாயங்காலம் சித்தி வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா முதலில் வாங்குவது அந்தப் பூண்டுப் பொட்டலத்தைத்தான்.

பிரச்சனையை ஆரம்பித்து வைத்தவர் ஸ்டேஷனில் சுண்டல் விற்கும் பெரியவர். அவர் மேல் தப்பில்லை. ஒரு நாள் நைனாவைத் தெருவில் பார்த்துச் சாதாரணமாகக் கேட்டார்.

"ஒன் மச்சினி எதுனா ஒடம்பு முடியாம கீதா?"

"இல்லியே, இன்னாத்துக்குக் கேக்குற?"

"இல்ல, வண்டிய வுட்டு எறங்குது. வூட்டுக்குப் போவாம கடேசி பெஞ்ச்ல குந்திகினு கீது. அடுத்த வண்டி வந்தப்பறம்தான் எழுந்து போவுது. டெய்லி அப்டித்தான்."

நைனா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இதை அப்படியே சொன்னார். கம்பெனியில் ஓவர்டைம், அதனால்தான் லேட்டாகிறது என்று சித்தி சொல்லி வைத்திருந்தாள். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. ஏனென்றால் அந்தக் கடைசி பெஞ்ச் எங்கே இருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியும். டிக்கெட் கவுண்ட்டர் அறையின் பின்கதவுக்கு நேர் எதிரில். வெக்கைக்காகக் கவுண்ட்டர்காரர் அந்தக் கதவை எப்போதும் திறந்தே வைத்திருப்பார். உள்ளே ஒரு ரேடியோ பாடிக்கொண்டிருக்கும்.

"ரேடியோ அவனுது. குந்திகினு கேக்குறது இது. அப்பறம் இன்னாம்மே வேணும்?" என்றார் நைனா.

கண்ணால் பார்த்துவிடலாம் என்று முடிவாயிற்று. மறுநாள் சாயங்காலம் நைனா, "வா, ரயில் பாக்கலாம்" என்று என்னைக் கூட்டிப் போனார். தினமும் பார்க்கிற ரயிலை ஏன் தனியாகப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை, சுண்டல் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். எதிர்ப் பிளாட்பாரத்துத் தூணுக்குப் பின்னால் நின்றோம். பீச் வண்டி வந்தது, போனது. கும்பல் தண்டவாளத்தைத் தாண்டிக் கலைந்தது. சித்தி கலையவில்லை. கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள், செருப்பைக் கழற்றினாள், ஒரு காலை மடித்து வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். அவள் கையில் ஒன்றுமே இல்லாமல் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அந்த நேரம் பார்த்து நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் வண்டி ஒன்று நடுவில் வந்து மறைத்துக்கொண்டது. அந்த வண்டிகளுக்கு முடிவே கிடையாது, உங்களுக்குத் தெரியும். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் கண் சிமிட்டும் நேரம் சித்தி தெரிவாள், மறைவாள். நைனா எட்டி எட்டிப் பார்த்தார். கடைசிப் பெட்டி போனபோது, கவுண்ட்டர்காரர் கதவுக்கு வெளியே நின்று சித்தியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். சித்தி தலையை ஆட்டினாள். அவர் சிரித்துவிட்டு வேகமாகப் போனார்.

நைனா என் கையில் இருந்த சுண்டலிலிருந்து ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "சரிதான்" என்றார்.

இந்த இடத்தில் நீங்கள் எதிர்பார்ப்பது எனக்குத் தெரியும். அடி, உதை, வேலைக்குப் போகாதே, கதவைச் சாத்து. எங்கள் நைனா அப்படிப்பட்டவர் இல்லை. அவருக்கு ஒருவரைப் பற்றிக் கெட்டதாக நினைக்கவே வராது, நினைத்தாலும் அதை உடனே நல்லதாக மாற்றிவிடப் பார்ப்பார். மறுநாள் காலை சித்தி வேலைக்குப் போன பிறகு இருவரும் பேசினார்கள். நான் பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னக் காத்திருந்ததால் எல்லாம் கேட்டேன்.

"அவன் இன்னா ஜாதியோ, இன்னா மதமோ" என்றாள் அம்மா.

"இருந்துட்டுப் போவட்டுமே. மாதா கோயில்ல கட்டுனாலும் தாலி தாலிதான். கவர்மெண்ட்டு உத்தியோகம். நம்ம தேடுனா கெடைக்குமா? அதுவே தேடிகிச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாத்தியா."

"எப்டி சொல்லும்? அது சம்பளம் வூட்டுக்கு வோணும்னுதான் நாம கல்யாணம் பண்ணாம வெச்சிக்கிறோம்னு நெனச்சிருக்கும். நாமளே போய்ப் பேசிட்டா அதும் மனசு குளுந்துடும்."

அம்மா என் தலையைப் பின்னிக்கொண்டே அழுதாள். பின்னல் கோணலாக வந்தது, பள்ளிக்கூடத்தில் எல்லோரும் கேட்டார்கள்.

கவுண்ட்டர்காரரின் வீடு எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஆகவே ஸ்டேஷனுக்கே தட்டு எடுத்துப் போவது என்று நைனா தீர்மானித்தார். ஒரு வெள்ளிக்கிழமை. சித்தியின் வண்டி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் போய்ப் பேசி முடித்துவிட்டால், அவள் இறங்கும்போது நல்ல செய்தி காத்திருக்கும் என்பது திட்டம். நைனா கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டார், வயிற்றுப் பக்கம் பித்தான் இழுத்துப் பிடித்தது. அம்மா பட்டுப்புடவை. தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், சாத்துக்குடி, கல்கண்டு, ஒரு முழம் மல்லி. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா, தட்டோடு நைனா, பின்னால் நான். வழியில் பார்த்தவர்கள் எங்கே விசேஷம் என்று கேட்டார்கள். நைனா சிரித்துக்கொண்டே நடந்தார்.

கவுண்ட்டரில் வரிசை நின்றது. முண்டியடித்துப் போவது மரியாதை இல்லை என்று நைனா வரிசையில் நின்றார். தட்டோடு ஒருவர் நிற்பதைப் பார்த்து முன்னால் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர், யாராவது பெரிய ஆபீசர் ரிட்டயர் ஆகிறாரா என்று விசாரித்தார். எங்கள் முறை வந்தது.

"எங்க?" என்றார் கவுண்ட்டர்காரர், தலையைத் தூக்காமல்.

"எங்கியும் இல்ல சார்."

"எங்கயும் இல்லன்னா பின்னாடி இருக்கறவங்களுக்கு வழி விடுங்க."

"சார், நாங்க பொண்ணு வூட்டுக்காரங்க."

அவர் தலையைத் தூக்கினார். நைனா தட்டை நீட்டினார். கம்பிக்குக் கீழே இருந்த ஓட்டையில் கைதான் நுழையும், தாம்பாளம் எப்படி நுழையும்? நைனா அதை ஒருக்களித்துப் பார்த்தார். ஒரு சாத்துக்குடி உருண்டு யாரோ ஒருவரின் காலடிக்குப் போனது. பிறகு அவர் வெற்றிலையையும் ஒரு வாழைப்பழத்தையும் மட்டும் எடுத்து ஓட்டை வழியாக உள்ளே தள்ளினார்.

"இதெல்லாம் நான் வாங்கறது கிடையாது. எடுங்க முதல்ல" என்றார் கவுண்ட்டர்காரர், பயந்த குரலில்.

"வாங்கிக்கணும் சார். எங்க பொண்ணுக்கும் ஒங்களுக்கும் பயக்கம் கீதுன்னு எங்களுக்குத் தெரிஞ்சிபோச்சி. நாங்க கோவக்காரங்க இல்ல. பெரியவங்க யார்னு சொல்லுங்க, நல்லபடியா முடிச்சிடலாம்."

வரிசையில் அவ்வளவு நேரம் வண்டி வருது சீக்கிரம் குடுய்யா என்று கத்திக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். கவுண்ட்டர்காரர் டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டுப் பின்கதவு வழியாக வெளியே வந்தார். கூண்டுக்கு வெளியே அவர் மிகவும் சின்ன ஆளாக இருந்தார்.

"எந்தப் பொண்ணு?"

நைனா கடைசி பெஞ்சைக் காட்டினார். அது காலியாக இருந்தது.

"ஐயோ, அந்த அம்மாவா? சார், அவங்க பேருகூட எனக்குத் தெரியாது சார். அன்னிக்கு ஒரு நாள், பாத்ரூம் போயிட்டு வரேன், கதவக் கொஞ்சம் பாத்துக்கங்கன்னு சொன்னேன். அவ்ளோதான் நான் பேசினது. எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்கு." அவருக்குக் கிட்டத்தட்ட அழுகை வந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து பர்ஸை எடுத்துப் பிரித்து, குழந்தைகளின் படத்தை நைனாவிடம் காட்டினார். நைனா தட்டைப் பிடித்தபடியே குனிந்து பார்த்தார். "அயகா கீதுங்க" என்றார்.

அம்மா கூட்டத்தைப் பார்க்காமல் திரும்பி நடந்தாள். தம்பியோடு அந்தக் கடைசி பெஞ்சிலேயே போய் உட்கார்ந்துவிட்டாள். அப்போது பீச் வண்டி வந்து நின்றது.

சித்தி இறங்கினாள். தட்டைப் பார்த்தாள், நைனாவின் கல்யாணச் சட்டையைப் பார்த்தாள், கவுண்ட்டர்காரர் கையில் பர்ஸோடு நிற்பதைப் பார்த்தாள், தன் பெஞ்சில் பட்டுப்புடவையோடு அக்கா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். யாரும் அவளுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வரிசையில் ஒருவர் அடக்க முடியாமல் சிரித்தார், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். "டிக்கெட்டு வாங்கறாப்பல மாப்ளய வாங்க வந்துகீறாங்கப்பா" என்று ஒரு குரல். சித்தி எங்கேயும் நிற்காமல் தண்டவாளத்தைத் தாண்டி வீட்டுக்கு நடந்தாள். வண்டியை விட்டு இறங்கியதும் அவள் நேராக வீட்டுக்குப் போனது அன்றைக்குத்தான்.

வீட்டில் அவள் கத்துவாள் என்று நினைத்தேன். பூண்டுப் பொட்டலத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தாள்.

"அப்ப இன்னாத்துக்குடி அங்க குந்துன?" என்றாள் அம்மா.

"சும்மா."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான். வூட்டுக்கு வந்தா தண்ணி, அரிசி, புள்ள. கம்பெனில சூப்பர்வைசரு. வண்டில பூண்டு. நடுவுல ஒரு வண்டி நேரம் யாருக்கும் ஒண்ணும் செய்யாம குந்திகினு இருந்தேன். அது பொறுக்கல ஒங்களுக்கு."

"அந்த ரேடியோ..." என்று இழுத்தார் நைனா.

"அது ஒரு பேஜாரு மாமா. அது மட்டும் இல்லாட்டி இன்னும் நல்லாருந்துருக்கும்."

"வூட்ல குந்தக்கூடாதா?" என்று கேட்டாள் அம்மா. சித்தி அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். தம்பி தாம்பாளத்துக் கல்கண்டை வாயில் போட்டு ஒழுகவிட்டுக்கொண்டிருந்தான், நான் வாய்ப்பாடு நோட்டோடு உட்கார்ந்திருந்தேன், மேலே கொடியில் ஈரத்துணி சொட்டிக்கொண்டிருந்தது. 

இன்றைக்கு யோசித்தால், என் பெற்றோர் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. சித்தி யாரையாவது காதலித்திருந்தால் அவர்களுக்குப் புரிந்திருக்கும். அதற்குத் தட்டு உண்டு, பழம் உண்டு, போய்ப் பேச ஆள் உண்டு. ஒரு பெண் ஒன்றுமே செய்யாமல் கொஞ்ச நேரம் உட்கார ஆசைப்படுவாள் என்பதற்கு எங்கள் தெருவில் ஒரு வழக்கமும் இல்லை. அதனால் அவர்கள் தெரிந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு சித்தி தினமும் வண்டியை விட்டு இறங்கியதும் நேராக வீட்டுக்கு வந்துவிடுவாள். பெஞ்ச் பக்கம் போனால் சிரிப்பார்கள். கவுண்ட்டர்காரர் பின்கதவைச் சாத்தியே வைத்துவிட்டார், ரேடியோவும் நின்றுபோனது. அவள் கேட்ட அமைதி அங்கே வந்தது, அனுபவிக்க அவள் அங்கே இல்லை.

நைனாவுக்குக் குற்ற உணர்ச்சி தாங்கவில்லை. ஒரு நாள் எங்கிருந்தோ சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை வாங்கி வந்து, பின்சந்தில் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் போட்டார்.

"இது ஒன்னுது. நீ குந்து. இந்தாண்ட ஒருத்தரும் வர மாட்டோம்" என்றார்.

சித்தி உட்கார்ந்தாள். நாங்கள் மூச்சு விடாமல் உள்ளே நின்றோம். அம்மா என்னைப் பார்த்து வாயில் விரலை வைத்தாள். தம்பி ஓடப் போனான், நைனா பிடித்துக்கொண்டார். எல்லோரும் தன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றது சித்திக்குத் தெரியாமல் இருக்குமா? கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்து வெங்காயத்தை நறுக்க ஆரம்பித்தாள். "நல்லா கீது மாமா" என்று மட்டும் சொன்னாள். அந்த வாரக் கடைசியில் நாற்காலியில் துவைத்த துணி இருந்தது.

சித்தி மெலிந்துபோனாள். எதற்கும் சுருக்கென்று கோபம் வந்தது. நான் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொன்னேன் என்று ஒரு நாள் கையில் இருந்த டம்ளரைத் தூக்கி எறிந்தாள். அது என் மேல் படவில்லை, சுவரில் பட்டு நசுங்கியது. பிறகு அவளே வந்து என்னைக் கட்டிக்கொண்டு, அம்மாவிடம் சொன்னாள்: "ராயபுரத்தாண்ட பொம்பளைங்க ஆஸ்டல் கீதாம்க்கா. நான் அங்க போயிடறேன். சம்பளத்த மாசாமாசம் வந்து குடுத்துட்டுப் போறேன். எனுக்கு இங்க மூச்சு முட்டுது."

அம்மா நசுங்கிய டம்ளரை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். அம்மாவுக்கு அம்மா, அப்பா யாரும் கிடையாது, இந்தத் தங்கைதான். சித்தியின் சடையைச் சின்ன வயதிலிருந்து பின்னிவிட்டவள். அவள் ஹாஸ்டலுக்குப் போனால் ஊர் என்ன சொல்லும் என்ற பயமும் அம்மாவுக்கு இருந்திருக்கும், இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று அவள் முகத்தில் இருந்தது அது இல்லை. அவள் பயந்தது தங்கை இல்லாத வீட்டுக்கு.

மறுநாள் சாயங்காலம் அம்மா முகம் கழுவி, தலை வாரி, வேறு புடவை மாற்றிக்கொண்டாள். தம்பியை இடுப்பில் எடுத்தாள். என்னை வா என்றாள். எங்கே போகிறாய் என்று நைனா கேட்டதற்கு ஸ்டேஷன் என்றாள். அவர் அதற்கு மேல் கேட்கத் துணியவில்லை. பீச் வண்டியிலிருந்து இறங்கிய சித்தி எங்களைப் பார்த்ததும் மறுபடியும் ஏதோ விபரீதம் என்று நின்றுவிட்டாள்.

"வா" என்றாள் அம்மா. நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தாள். "நீ குந்து. நான் ஒனுக்குக் காவலு. அக்கா பக்கத்துல இருந்தா எவன் சிரிக்கிறான்னு பாக்கறேன்."

முதல் நாள் சித்திக்கு அது இன்னொரு தொல்லையாகத்தான் இருந்திருக்கும். அம்மாவுக்கு வாயை மூடி உட்காரத் தெரியாது. அந்த ஒரு வண்டி நேரம் முழுவதும் பேசினாள். அரிசியில் கல், எதிர்வீட்டுச் சண்டை, தம்பிக்குப் பல் முளைக்கும் காய்ச்சல். போகிற வருகிற எல்லோரையும் முறைத்தாள். சுண்டல்காரப் பெரியவர் எங்கள் பக்கமே வரவில்லை. கடைசியில் சித்தி சொன்னாள்: "அக்கா, ஒன் கால்ல வேணா வியுறேன். பேசாம குந்து."

அம்மா கோபித்துக்கொண்டு வாயை மூடினாள். மறுநாளும் வந்தாள். கோபம் மறுநாளும் இருந்ததால் பேசவில்லை. அதற்கடுத்த நாள் கோபம் போய்விட்டது, ஆனாலும் பேசவில்லை. நான் தண்டவாளத்து ஜல்லியில் வெள்ளைக் கல் தேடிக்கொண்டு அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சித்தி ஒரு ஓரம், அம்மா ஒரு ஓரம், நடுவில் இன்னொருவர் உட்காரும் அளவுக்கு இடம். கூட்ஸ் வண்டி போகும், மீன்கூடைக்காரிகள் தண்ணீர் சொட்டச் சொட்டப் போவார்கள், விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண் சிமிட்டி எரிய ஆரம்பிக்கும். அடுத்த வண்டி வந்ததும் சித்தி எழுந்துகொள்வாள். எல்லோரும் சேர்ந்து வீட்டுக்கு நடப்போம். சிரித்தவர்களுக்குச் சீக்கிரமே சலித்துவிட்டது. ஹாஸ்டல் பேச்சை சித்தி எடுக்கவில்லை.

மழைக்காலம் ஆரம்பித்த சமயம். ஒரு நாள் பகலில் பெய்து விட்டிருந்தது, கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது, காற்றில் எந்த வாசமும் இல்லை. தம்பி அம்மா மடியில் தூங்கிவிட்டான். அடுத்த வண்டி வந்து போனது. சித்தி செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தாள். நானும் எழுந்தேன். அம்மா எழுந்திருக்கவில்லை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன், அங்கே ஒன்றும் இல்லை.

"வாக்கா, நேரமாச்சி" என்றாள் சித்தி.

"நீங்க போங்க" என்றாள் அம்மா. "நான் அடுத்த வண்டிய பாத்துட்டு வரேன்."

சித்தி குனிந்து அம்மா மடியிலிருந்து தம்பியை எழுப்பாமல் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். என் கையைப் பிடித்து நடந்தாள். நான் திரும்பிப் பார்த்தபோது அம்மா ஒரு காலை மடித்து பெஞ்ச் மேல் வைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் கையும் மடியும் காலியாக இருந்தன.

வீட்டு வாசலில் நைனா நின்றார்.

"ஒங்கம்மா எங்க?"

"ஸ்டேஷன்ல குந்திகினு கீது" என்றேன்.

"யாரோட?"

சித்தி தம்பியைப் பாயில் கிடத்திவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள். "யாரோடயும் இல்ல மாமா" என்றாள்.

நைனா ஆணியிலிருந்து சட்டையை எடுத்தார், போடவில்லை, கையில் வைத்துக்கொண்டே வாசற்படியில் உட்கார்ந்தார். அரிசி கொதித்தது. தம்பி எழுந்து அழுதான், நைனாவே எடுத்து மடியில் போட்டுத் தட்டினார். எண்ணூர்ப் பக்கம் போகும் வண்டி ஒன்று ஸ்டேஷனில் வந்து நின்று கிளம்பும் சத்தம் கேட்டது. தெருவில் யாரும் வரவில்லை.

"வண்டி போயிடுச்சே" என்றார் நைனா. "இன்னும் காணமே. நான் ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு..."

"குந்துங்க மாமா" என்றாள் சித்தி. "இன்னொரு வண்டி போவட்டும்."